யோகாசனப் பயிற்சியும் தசை நோவும்

யோகாசனம் பயிலத் தொடங்குவோருட் பலர் மூன்றாம் நாட் காலையிலேயே அதனைக் கைவிட்டுவிடுகின்றனர். முதல் நாள் ஊக்கம் மிகுந்திருக்கும். உடம்பும் ஒருவாறு வளைந்து கொடுக்கும். இரண்டாம் நாள் படுக்கையை விட்டு எழும்போது தொடையிலும் தோளிலும் ஓர் உளைவு தலைகாட்டும். மூன்றாம் நாளோ, கதிரையில் இருந்து எழுவதும், கிணற்றடியிற் குனிந்து வாளியைத் தூக்குவதும் பெரும்பாடாகிவிடும். “இந்த வயதில் இது நமக்கு ஒத்துவராது” என்று பாயைச் சுருட்டி மூலையில் வைப்போர் ஒரு சாரார். நோவு கண்டாலன்றிப் பயன் இல்லை என்று எண்ணி, நொந்த தசையையே மேலும் இழுத்துப் பிடித்து, பின்னர் மாதக்கணக்கில் எண்ணெயும் ஒத்தணமுமாக அலைவோர் மற்றொரு சாரார். உடம்பு கூறும் மூன்று வெவ்வேறு செய்திகளை ஒன்றெனக் கொண்டு மயங்குவதே இவ்விரு சாராரின் இடர்ப்பாட்டுக்கும் காரணமாகும். ஆசனத்தில் நிற்கும் அந்த நேரத்திலேயே தோன்றும் இழுவை ஒன்று. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வரும் உளைவு ஒன்று. மூட்டிலோ, தசையை எலும்போடு பிணைக்கும் நாணிலோ ஏற்படும் ஊறு மற்றொன்று. முதலிரண்டும் அஞ்சத்தக்கன அல்ல. மூன்றாவது அஞ்சவேண்டியதே.

மறுநாள் வரும் உளைவை முதலில் நோக்குவோம். இதற்கு இலற்றிக் அமிலமே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இன்றும் பலர் அவ்வாறே கூறிவருகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் பெர்சீலியசு, வேட்டையாடப்பட்ட மானின் தசையில் இவ்வமிலத்தைக் கண்டறிந்தார். தசை உழைக்கும்போது அதனுள் நிகழும் மாற்றங்களை ஆராய்ந்த ஏ. வி. ஹில், ஒட்டோ மேயர்ஹொவ் ஆகிய இருவரும் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றபின், அமிலத்தின் பெயர் எங்கும் பரவியது. ஆயினும், உழைப்பு ஓய்ந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துள் அவ்வமிலம் தன் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகின்றது. ஒரு மணித்தியாலத்தில் விடைபெற்றுச் சென்ற விருந்தினர்மீது, மூன்றாம் நாள் வீட்டில் நடந்த களவைச் சுமத்துவது எங்ஙனம் பொருந்தும்?

உண்மைக் காரணத்தை 1902ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உடற்றொழிலியலாளர் தியடோர் ஹவ் ஊகித்தார். விரலாற் பாரம் இழுக்கும் கருவியொன்றைக் கொண்டு சோதனை செய்த அவர், மறுநாள் தோன்றும் நோவு களைப்பினின்றும் வேறானது என்றும், தசையினுள் ஏற்படும் நுண்ணிய கிழிவுகளே அதற்கு ஏது என்றும் கருதினார். 1980களின் தொடக்கத்தில், நொந்த தசையிலிருந்து எடுத்த துணுக்குகளைச் சுவீடன் ஆய்வாளர்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நோக்கியபோது, தசை நாரின் உள்ளமைப்பில் ஒழுங்கு குலைந்த இடங்கள் புலப்பட்டன. அச்சிறு சிதைவைத் திருத்தும்பொருட்டு உடம்பு தொடங்கும் வேலையே அழற்சி. அதனால் அங்குள்ள நரம்பு முனைகள் கூர்மையடைகின்றன. தொட்டாலும் நோகின்றது, அசைத்தாலும் நோகின்றது. இவ்வேலை முழுவேகம் கொள்ள நேரம் செல்லும். ஆதலின் நோவு இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குப் பின் ஏறி, எழுபத்திரண்டு மணித்தியாலத்துள் உச்சத்தை எட்டி, ஒரு கிழமையுள் தானே தணிகின்றது.

இச்சிதைவு எப்போது மிகுதியாக உண்டாகும் என்பது சுவையான செய்தி. தசை சுருங்கிப் பாரத்தைத் தூக்கும்போது அன்று. பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும்போதுதான். சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போனவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலையில் ஏறும்போது மூச்சு வாங்குகின்றது, நெஞ்சு படபடக்கின்றது. ஆயினும் இரண்டு நாள் கழித்து வீட்டுப் படியில் இறங்க விடாது தொடையைப் பிடித்துக்கொள்வது, ஏறியதன் விளைவன்று, இறங்கியதன் விளைவே. ஒவ்வொரு படியிலும் உடம்பின் முழுப் பாரத்தையும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்கியது.

யோகாசனம் ஓடாமலும் குதியாமலும் அமைதியாகச் செய்யப்படுவது; அதனால் எப்படி நோவு வரும் என்று சிலர் வியப்பர். சூரிய நமஸ்காரத்தில் உடம்பை மெல்ல மெல்லத் தரைக்குத் தாழ்த்தும்போது மார்பும் மேற்கைத் தசைகளும் செய்வது, மலையிறங்குபவரின் தொடை செய்யும் அதே வேலைதான். நின்றபடி முன்னே குனியும்போது பின்தொடைத் தசைகள் நீண்டுகொண்டே மேலுடம்பின் பாரத்தைச் சுமக்கின்றன. முழங்காலை மடக்கி நெடுநேரம் நிற்கும் வீரபத்திராசனத்திலும், நீண்ட நிலையிலுள்ள தசை அசையாமற் பாரம் தாங்குகின்றது. மெதுவாகச் செய்வது இவ்வேலையைக் குறைப்பதில்லை; தசை பாரம் தாங்கும் நேரத்தை நீட்டவே செய்கின்றது.

நல்ல செய்தி ஒன்றுண்டு. ஒருமுறை இவ்வாறு நொந்து தேறிய தசை, அடுத்தமுறை அதே வேலையைப் பெரிதும் நோவின்றிச் செய்கின்றது. இக்காப்பு வாரக்கணக்கில் நிலைக்கின்றது. மாரியில் மண்வெட்டி பிடியாதிருந்து தோட்டம் கொத்தத் தொடங்கும் கமக்காரர் முதற் கிழமை முதுகைப் பிடித்துக்கொண்டு நடப்பதும், பின்னர் நாள் முழுதும் கொத்துவதும் இதனாலேயே. ஆகவே மூன்றாம் நாள் பாயைச் சுருட்டுபவர், விலையைக் கொடுத்துவிட்டுப் பொருளைக் கடையிலேயே விட்டு வருபவரை ஒப்பர்.

நொந்த தசையை என் செய்வது? முற்றாகப் படுத்திருத்தல் வேண்டியதில்லை. உலாவுதல், கைகால்களை எளிதாக அசைத்தல் முதலியன அந்நேரத்துக்கு நோவைத் தணிக்கும். இளஞ்சூடான நீரிற் குளிப்பதும், எண்ணெய் பூசி மெல்லத் தடவுவதும் இதமளிக்கும். இவை ஆறுதலே, சிதைவைத் திருத்துவது உறக்கமும் உணவும் காலமும் ஆகும். பயறு, கடலை, மீன், முட்டை என வீட்டில் உள்ளனவே தசைக்கு வேண்டிய புரதத்தைத் தரும். நொந்த தசையை மேலும் நீட்டினால் நோவு பறந்துவிடும் என்னும் நம்பிக்கைக்கு மட்டும் ஆதாரம் மிகக் குறைவு. இது பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2011ஆம் ஆண்டில் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு ஒன்று, உடற்பயிற்சிக்கு முன்போ பின்போ தசைகளை நீட்டுவதால், நூறு புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ ஒரு புள்ளியளவே நோவு குறைகின்றது எனக் கண்டது. ஆதலின், தொடை நொந்த நாளில் தோளுக்கும் மூச்சுக்கும் உரிய பயிற்சிகளைச் செய்து, இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடைக்குத் திரும்புவதே அறிவுடைமை.

இனி, ஆசனத்திலேயே தோன்றும் இழுவை. காலை நீட்டி இருந்து பாதத்தைத் தொட முயல்கையில், முழங்காலின் பின்புறம் ஏதோ கயிறு கட்டியதுபோல் இறுகி மறிக்கின்றது. தசை குட்டையாகிவிட்டது என்றே பலரும் எண்ணுவர். தடுப்பதிற் பெரும்பங்கு நரம்பினுடையது. தசைக்குள் அதன் நீட்சியை அளக்கும் நுண்ணுறுப்புகள் உள்ளன. தசை விரைவாக நீட்டப்பட்டால் அவை முண்ணாணுக்குச் செய்தி விடுக்க, அங்கிருந்து “சுருங்கு” என்னும் கட்டளை உடனே திரும்புகின்றது. இத்தெறிவினையை லிடெல், ஷெரிங்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் 1924ஆம் ஆண்டில் விளக்கினர். ஆகவே, துள்ளித் துள்ளிப் பாதத்தை எட்ட முயல்பவர் தம் தசையை நீட்டவில்லை. அதனைச் சுருங்கும்படி தூண்டுகின்றார். மெதுவாகக் குனிந்து, இழுவை தொடங்கும் இடத்தில் நின்று, மூச்சை நீளமாக வெளிவிட்டு அரை நிமிடம் காத்திருந்தால், பிடி தானே நெகிழும். முன்தொடையைச் சற்று இறுக்கிக்கொள்வதும் உதவும். ஒரு தசை சுருங்கும்போது அதற்கு எதிர்த்தசை தளர்வதும் ஷெரிங்டன் ஆராய்ந்து காட்டியதே. சில கிழமைப் பயிற்சியால் விரல்கள் பாதத்தை நெருங்குவது, பெரும்பாலும் தசை நீண்டதனால் அன்று, இழுவையைப் பொறுக்க நரம்பு பழகியதனால் என்பது பிற்கால ஆராய்ச்சிகளின் கருத்து. பழகுவதற்கு நாள் வேண்டும்; வலிந்து இழுப்பதால் நரம்பு பழகாது, மிரளும்.

யோகசூத்திரம் இயற்றிய பதஞ்சலி முனிவர், ஆசனம் என்பது உறுதியும் இன்பமும் உடைய இருக்கை என்ற கருத்தினையே முன்வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு முகம் சிவக்க நிற்கும் நிலை, படத்துக்கு அழகாயிருப்பினும், அவர் கூறிய ஆசனம் ஆகாது.

விடியற்காலையிற் பயில்வோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். இரவு முழுதும் படுத்திருக்கையில், முள்ளந்தண்டின் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. காலையில் மனிதர் மாலையினும் ஒரு சென்ரிமீற்றரோ சற்றுக் கூடவோ உயரமாய் இருப்பதும் இதனாலேயே. பருத்த வட்டு, குனியும்போது மிகுந்த இறுக்கத்துக்கு உள்ளாகும். நாரிப்பிடிப்பு உடையோர் எழுந்தவுடன் ஆழக் குனியும் ஆசனங்களைத் தொடங்காது, சற்று உலாவி, முற்றம் கூட்டுவதைக்கூடப் பின்னுக்குத் தள்ளி, ஒரு மணித்தியாலம் சென்றபின் அவற்றைச் செய்வது நலம்.

ஊறு என்பதற்குப் பத்மாசனத்திலும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. அவ்வாசனத்துக்கு வேண்டிய திருப்பம் இடுப்பு மூட்டில் நிகழவேண்டியது. முழங்கால் மூட்டோ கதவின் பிணைச்சல் போன்றது. மடங்கும், நீளும், முறுக்கத்தைச் சிறிதே ஏற்கும். இடுப்பு திரும்பாதவர் கையாற் பாதத்தைப் பிடித்துத் தொடைமேல் ஏற்றும்போது, குறைந்த திருப்பத்தை முழங்கால் ஈடுசெய்கின்றது. அதனுள் மெத்தைபோல் அமைந்த கசியிழையம் நசுங்குகின்றது, சிலபோது கிழிகின்றது. கதிரையிலேயே நாளெல்லாம் இருந்து பணியாற்றிய ஐம்பது வயதினருக்கு இடுப்பு எளிதில் திரும்பாது. அவர் சப்பாணி கட்டி, அடியில் மடித்த துணியொன்றை இட்டு இருந்தாலே போதும். பி. கே. எஸ். ஐயங்கார் புகழ்பெற்ற ஆசிரியராய் இருந்தும், மரக்கட்டை, வார், கதிரை முதலியவற்றைத் தம் மாணாக்கருக்குத் தாராளமாகக் கொடுத்தார் என்பது நினைக்கத்தக்கது. மாணவர் முதுகில் ஏறி அமர்ந்து அழுத்தும் ஆசிரியர்களிடமிருந்து விலகி நிற்பது அதனிலும் நினைக்கத்தக்கது.

உளைவையும் ஊற்றையும் வேறுபடுத்துவது அரிதன்று. உளைவு தசையின் நடுவிற் பரந்து, பெரும்பாலும் இரு பக்கமும் ஒத்துத் தோன்றி, நாளுக்கு நாள் குறையும். ஊறு மூட்டினுள் அல்லது எலும்பின் ஓரத்தில், விரலாற் சுட்டிக்காட்டக்கூடிய ஓரிடத்தில், குத்தலாகத் தோன்றும். முன்னே குனியும் ஆசனங்களை மிகையாகச் செய்வோருக்கு, இருக்கையிற் படும் எலும்பின் அடியில், பின்தொடை நாண் தொடங்கும் இடத்தில் இத்தகைய நோவு வந்து மாதக்கணக்கிற் போகாது நிற்பதுண்டு. அவ்விடத்தை மேலும் நீட்டுவது புண்ணைக் கிள்ளுவதாகும். வீக்கம், மூட்டுப் பூட்டிக்கொள்ளுதல், காலில் விறைப்போ மின்னல்போற் பாயும் நோவோ தோன்றுதல், ஒரு கிழமைக்கு மேலும் தணியாமை ஆகியன காணின் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுகவேண்டும். அளவிறந்த பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, சிறுநீர் தேயிலைச் சாயம்போற் கறுத்துப் போகுமாயின், சிதைந்த தசையின் பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன என்பது கருத்து. அரிதாகவே நேர்வது எனினும், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டியது.

பயிற்சியின் முடிவில் மல்லாந்து கிடக்கும் சவாசனத்தை, நேரம் போதாது என்று பலர் விட்டுவிடுகின்றனர். பதினைந்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகை, மற்றைய ஆசனங்களால் விளைந்த களைப்பை நீக்குவதென இதனையும் ஆசனங்களுள் ஒன்றாகவே வைத்து எண்ணுகின்றது. நேரம் குறைந்த நாளில் வேறோர் ஆசனத்தை விட்டு, ஐந்து நிமிடம் அவ்வாறு கிடக்கலாம்.