நம் தலைமேல் உள்ள கல்நார்

மண்சுவர் வைப்போர் வெறுங் களிமண்ணைக் குழைத்துச் சுவர் வைப்பதில்லை. வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கி, மண்ணிலே தூவி, நீர் விட்டு, காலால் நெடுநேரம் மிதித்துப் பிசைந்த பின்னரே சுவர் எழுப்புவர். அவ்வாறு செய்யாவிடின் உலரும்போது சுவர் வெடித்துவிடும். வைக்கோல் ஓரிடத்தில் கற்றையாகக் கிடந்தாலும் பயனில்லை. மண் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருத்தல் வேண்டும். மிதிப்பதெல்லாம் அதன் பொருட்டே.

இவ்வாறு ஒரு பொருள் மற்றொரு பொருளில் கரைந்து மறையாமல், துகளாகவோ நாராகவோ எங்கும் கலந்து நிற்பதை விரவுதல் எனலாம். உப்பு நீரில் கரைகின்றது. பாலில் கொழுப்போ விரவி நிற்கின்றது. பெயின்டில் வண்ணப்பொடியும், மோட்டார் டயரின் ரப்பரில் கரிப்பொடியும் இவ்வகையினவே. இன்றைய தொழிற்சாலைகளில் உருவாகும் பண்டங்கள் பலவற்றின் உறுதியும் நிறமும் இந்த விரவுதலால் அமைந்தவை. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கின்றோம். அது செகந்திராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் தலைக்கு மேலேயே இருப்பது. தெலுங்கு அன்பர்கள் "ரேகுலு" என்றும், நாம் "சிமெண்ட் ஷீட்" என்றும், "ஆஸ்பெஸ்டாஸ்" என்றும் கூறும் கூரைத் தகடே அது.

கல்லில் விளையும் நார்

ஆஸ்பெஸ்டாஸ் என்பதற்குத் தமிழில் கல்நார் என்று பெயர். பாறையில் விளையும் கனிமமாகிய அது, கையால் பிரித்தால் பஞ்சு போல இழை இழையாகப் பிரியும். எரியாது; மட்காது; சிமெண்டின் காரத்தையும் தாங்கும். நமக்கு அண்மையிலேயே, கடப்பை மாவட்டத்துப் புலிவெந்துலப் பக்கத்தில் இக்கனிமம் உண்டு.

இதன் நுண்மை வியக்கத்தக்கது. கூரைத் தகட்டில் சேரும் கிரிசோடைல் என்னும் வெள்ளைக் கல்நாரின் தனி இழை, ஒரு மைக்ரானில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு பருமனே உடையது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமனோ சுமார் 70 மைக்ரான். ஆகவே ஒரு மயிரின் அகலத்தில் இரண்டாயிரம் இழைகளை அருகருகே அடுக்கலாம்.

சிமெண்ட் கல்லைப் போல் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் மெல்லிய பலகையாக வார்த்தால் எளிதில் முறியும். மண்சுவரில் வைக்கோல் செய்யும் வேலையை இதில் கல்நார் செய்கின்றது. ஆஸ்திரிய நாட்டு லூத்விக் ஹாட்செக் என்பவர் 1901-இல் இதற்குரிய முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் நார்க்கட்டுகளை ஆலையில் நசுக்கி இழைகளாகப் பிரிப்பர். பின் சிமெண்டோடு சேர்த்து, மிகுந்த நீரில் கஞ்சி போலக் கலக்குவர். அத்தொட்டியில் சல்லடை போர்த்த உருளை சுழலும். நீர் வடிய, சல்லடை மேல் மெல்லிய ஏடு ஒன்று படியும். கம்பளப் பட்டை அந்த ஏட்டை எடுத்துச் சென்று பெரிய உருளை ஒன்றில் சுற்றும். ஏட்டின் மேல் ஏடாகப் படிந்து வேண்டிய கனம் வந்ததும் அறுத்தெடுத்து, ஈரம் உள்ளபோதே அலை அலையாக மடித்து உலர்த்துவர். தகட்டின் எடையில் நூற்றுக்குச் சுமார் 10 பங்கே கல்நார். எஞ்சியதில் பெரும்பகுதி சிமெண்டே. அந்தப் பத்துப் பங்கு எங்கும் ஒரே சீராக விரவியிருப்பதால்தான் தகடு முறியாமல் நிற்கின்றது.

நம் நகரத்துத் தொழில்

இத்தொழில் நம் நகருக்குப் புதிதன்று. நிஜாம் ஆட்சி நடைபெற்றுக்கொண்டிருந்த 1946-ஆம் ஆண்டிலேயே ஐதராபாத் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் புராடக்ட்ஸ் என்னும் நிறுவனம் தோன்றிற்று. அதன் ஆலை சனத்நகரில் அமைந்தது. "சார்மினார்" என்ற பெயருடன் அதன் தகடுகள் நாடெங்கும் சென்றன. நாம் எழுத்தராகப் பணிபுரியும் ரயில்வேயிலும் நடைமேடைக் கூரைகளாகவும் சரக்குக் கொட்டகைகளாகவும் இவ்வகைத் தகடுகள் நெடுங்காலம் பயின்று வந்தன.

மலிவு, எடைக் குறைவு, துருப்பிடியாமை ஆகிய மூன்றும் உடைய பொருளை எளியவர் விரும்பாதிருப்பரோ? ரயில்வேயையும் பட்டாளத்தையும் ஆலைகளையும் நம்பி இங்கு வந்த நம்மவர், சீட்டுப் பணம் எடுத்து ஓர் அறை கட்டியபோது, தளம் போட வசதியின்றி ஷீட் போட்டுக் குடியேறினர். அதில் குறை காண இடமில்லை.

கட்டுண்ட நாரும் அவிழ்ந்த நாரும்

ஆயினும் தகட்டுக்கு வலிமை தரும் அந்த நுண்மையே மனிதனுக்குக் கேடாகின்றது. சிமெண்டில் கட்டுண்டிருக்கும் வரை நார் எங்கும் செல்லாது. தகட்டை அறுத்தாலோ, துளையிட்டாலோ, உடைத்தாலோ, தேய்த்தாலோ கட்டு அவிழ்கின்றது. சிமெண்டில் விரவியிருந்தது காற்றில் விரவுகின்றது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் மூச்சோடு நுரையீரலின் அடிவரை செல்கின்றன. உடலால் அவற்றை முற்றிலும் அகற்ற இயலாது.

அதன் விளைவு உடனே தோன்றுவதன்று. நுரையீரல் இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்று, நுரையீரல் உறையைப் பற்றும் மீசோதீலியோமா என்னும் புற்று ஆகியவை பெரும்பாலும் இருபது முதல் நாற்பது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். இளமையில் தூசியில் உழைத்தவர் ஓய்வு பெற்றபின் இருமத் தொடங்குவார். காரணம் அவருக்கும் விளங்காது. மருத்துவரும் பழைய வேலையைப் பற்றிக் கேட்டாலன்றி அறியார். புகைபிடிப்பவராயின் நுரையீரல் புற்றின் அபாயம் பன்மடங்காகும்.

கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைவிப்பவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் உறுதியான முடிவு. பணியிடங்களில் கல்நாரை மூச்சில் ஏற்றதால் ஆண்டுதோறும் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்டோர் உலகில் மாள்கின்றனர் என்று அந்நிறுவனம் கணக்கிடுகின்றது. பிரிட்டன் 1999-இலும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2005-க்குள்ளும் இதனைத் தடை செய்தன. நம் நாட்டில் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதிய உரிமம் வழங்குவது 1986-இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் வெளிநாட்டு நாரைத் தருவித்துத் தகடு செய்வது நின்றபாடில்லை. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இத்தொழிலாளர் பொருட்டுத் தீர்ப்பொன்று வழங்கிற்று. பணியில் சேர்ந்த நாள்முதல் 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப்பின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை உடல்நலப் பதிவேட்டைக் காக்க வேண்டும் என்றும், நோய் உறுதிப்பட்டவர்க்கு ஒரு லட்சம் ரூபாய் ஈடு தர வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. நம் குடும்பங்களில் எவரேனும் இத்தகைய ஆலையில் பணிபுரிந்திருப்பின், பணிச் சான்றுகளைப் பத்திரப்படுத்துவதும், அந்தப் பணியை மருத்துவரிடம் தவறாது கூறுவதும் கடமையாகும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

இதனைப் படித்த உடனே கூரையைப் பிய்த்து எறிய வேண்டா. அதுவே பெருந்தீங்கு. உடையாமல் உறுதியாக இருக்கும் தகடு, தன்பாட்டில் இருக்கும் வரை அச்சம் சிறிதே. ஆனால் பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளல் நலம்.

விசிறி மாட்டவும் கம்பி இழுக்கவும் தகட்டில் துளையிடாதீர்கள். மரச் சட்டத்திலோ இரும்புக் குழாயிலோ மாட்டுங்கள். பாசி படிந்துள்ளதென்று இரும்புத் துலக்கியால் தேய்க்காதீர்கள். மழையும் வெயிலும் பட்டுப் பல ஆண்டுகளில் சிமெண்ட் தேய, நார்கள் மேற்பரப்பில் எழுந்து நிற்கும்; தேய்த்தால் அவை பறக்கும். உட்புறத்தைச் சுரண்டாமல் அப்படியே பெயின்ட் பூசுதல் நார்களைக் கட்டிவைக்க உதவும்.

தகடு உடைந்துவிட்டால் முதலில் நீர் தெளித்து நனையுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து, துண்டுகளையும் துணியையும் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். குழந்தைகளை அப்பால் அனுப்புங்கள். மூக்கில் கைக்குட்டை கட்டுவது போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகமூடியே வேண்டும். வேலை செய்தவரின் துணியை உதறாமல் தனியே நனைத்துத் துவைக்க வேண்டும். ஆலைத் தொழிலாளரின் துணியைத் துவைத்தே நோயுற்ற மனைவியர் பல நாடுகளில் உண்டு என்பதைத் தாய்மார்கள் மறவாதிருப்பார்களாக. உடைந்த துண்டுகளைச் சாக்கடை மூடியாகவும், முற்றத்தில் மேடு நிரப்பவும் பயன்படுத்தும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும்.

புதிதாகக் கூரை போடுவோர்க்கு இன்று வேறு வழி உண்டு. மரக்கூழையும் பாலிவினைல் ஆல்கஹால் என்னும் செயற்கை இழையையும் சிமெண்டில் விரவிச் செய்யும் தகடுகள் கிடைக்கின்றன. செயற்கை இழை வலிமை தரும். ஆனால் தொட்டி நீரில் சிமெண்டைப் பற்றி நிறுத்தாது. பற்றி நிறுத்துவது மரக்கூழின் வேலை. கல்நார் ஒன்றே செய்த இரு வேலைகளையும் இவ்விரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. சனத்நகர் நிறுவனத்தின் வழிவந்தவர்களே கல்நார் கலவாத தகட்டையும் விற்பனைக்குக் கொணர்ந்துள்ளனர். கடையில் "சிமெண்ட் ஷீட்" என்று மட்டும் கேளாமல், "கல்நார் கலவாததா?" என்று கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடலாம்.

தனி ஒரு குடும்பம் கூரை மாற்றுவது எளிதன்று. நம் சங்கத்தார் தகடு உடைந்து கிடக்கும் வீடுகளைக் கணக்கெடுத்து, பழுது பார்க்கும் முறையறிந்த கொத்தனாரையும் தக்க முகமூடிகளையும் பொதுவில் ஏற்பாடு செய்தால், இயலாதவர் துணிந்து கேட்பர். அடுத்த மழைக்காலம் வருமுன் இதனைத் தொடங்குதல் நன்று.