லிஸ்பன் நகரின் இலையுதிர்கால ஒளி

பெரும்பொழுதை ஆறாக வகுத்த தமிழ்ச் சான்றோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் அது வாடை வீசி வானம் கறுக்கும் காலம். மேனாட்டார் அதே திங்கள்களை இலையுதிர்காலம் என்பர். 1505 இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரின் தலைநகராகிய லிஸ்பனில், அப்பருவத்திலே கண்ணைக் கவர்வது உதிரும் இலையன்று, சாயும் வெயிலே.

அவ்வொளியின் சிறப்புக்குக் காரணம் யாது? முதலாவது, ஞாயிற்றின் நிலை. கொழும்பில் நண்பகற் சூரியன் எந்நாளும் ஏறத்தாழ 60 பாகை உயரத்துக்குக் கீழே இறங்குவதில்லை. வட அகலக்கோடு 39 பாகையை அண்டிய லிஸ்பனிலோ, ஆனி மாத நண்பகலில் 75 பாகை உயரத்தில் நிற்கும் சூரியன், ஐப்பசி நடுவில் 37 பாகையளவுக்குத் தாழ்ந்துவிடும். சாய்ந்து வரும் கதிர் முன்னையினும் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட வளிமண்டலத்தை ஊடறுக்க வேண்டும். வழியில் நீலக்கூறு பெரிதுஞ் சிதறிவிட, எஞ்சும் ஒளி மென்மையும் பொன்மையும் பெறுகின்றது. நிழல்கள் நீளுகின்றன, உச்சி வெயிலில் தட்டையாகத் தோன்றிய சுவரும் படிக்கட்டும் மேடுபள்ளந் துலங்க எழுந்து நிற்கின்றன. கோடையிற் படிந்த தூசியை முதல் மழை கழுவிவிடுதலால் வானமும் தெளிந்திருக்கும்.

இரண்டாவது, நீர். தாகஸ் ஆற்றின் வடகரைக் குன்றுகளில், தென்றிசை நோக்கி அமைந்தது அந்நகரம். கடலிற் கலக்குமுன் ஆறு ஏரிபோல விரிகின்றது. அவ்விரிவுக்கு ‘வைக்கோற் கடல்’ என்பது பெயர்; மாலையில் அதைக் காண்போர் பெயரின் பொருத்தத்தை வியப்பர். சூரியன் தாழத் தாழ நீர்ப்பரப்பு ஒளியை மிகுதியாகத் தெறிக்கும். ஆகவே குன்றுச் சரிவிலுள்ள வீடுகள் வானிலிருந்து ஒருமுறையும் ஆற்றிலிருந்து மறுமுறையும் ஒளி பெறுகின்றன. வெண்சுண்ணக் கற்கள் பதித்த நடைபாதைகளும், பளபளக்கும் ஓடுகள் ஒட்டிய சுவர்களும் அவ்வொளியை வாங்கி மீண்டும் வீதியிற் பரப்புகின்றன.

இத்தகைய பருவத்திலேதான் அந்நகரம் அழிந்தது. 1755 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள், தெளிந்த வானத்தோடு விடிந்த காலையில், திருநாள் வழிபாட்டுக்காக மக்கள் தேவாலயங்களிற் கூடியிருந்த வேளை நிலம் நடுங்கிற்று. ஆழிப்பேரலை ஆற்றின் வழியே ஏறிவந்தது. பின்னர் மூண்ட தீ பல நாள் எரிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், ஆற்றங்கரை அரண்மனையும் ஒழிந்தது.

நகரத்தை மீளக் கட்டியோர் நேரிய வீதிகளை வகுத்தனர். அரண்மனை நின்றவிடத்திற் பெருஞ் சதுக்கம் ஒன்றை அமைத்தனர். அதன் மூன்று பக்கங்களிலும் வளைவுத் தூண்கள் தாங்கும் மாளிகைகள் எழுந்தன. தென்பக்கமோ ஆற்றுக்குத் திறந்தபடியே விடப்பட்டது. பேரலை வந்த வழியே ஒளி வரும் வழியுமாகும். இன்று மஞ்சள் வண்ணந் தீட்டப்பெற்ற அம்மாளிகைகள் மாலை வெயிலில் மின்னுவதைக் காண்போர் இதனையும் நினைத்தல் தகும். 2004 மார்கழியிற் கடல் பொங்கியதைக் கண்ட இலங்கைக் கரையோர மக்களுக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. பறித்த கடலையே மீண்டும் முகங்கொடுத்து நோக்குதல் எளிய செயலன்று.

அவ்வொளியைச் சுவைக்க விரும்புவோர் மேற்குக் குன்றின் மேலுள்ள சாந்து பேதுரு முற்றத்திற் பிற்பகலில் நிற்றல் வேண்டும். எதிர்க் குன்றிலுள்ள பழங்கோட்டையின் மதில் மெல்ல மெல்லப் பொன்னாகிச் செம்மையுறுவதை அங்கிருந்து காணலாம். தெருவோரத்தில் செஸ்நட் கொட்டை சுடுவோரின் புகையும் அவ்வெயிலில் நீலமாய் எழும். நவம்பர் 11 ஆம் நாளையொட்டி வரும் இளஞ்சூடான சில நாள்களை அந்நாட்டார் ‘புனித மார்ட்டினின் கோடை’ என்பர். அதன்பின் பகல் விரைந்து குறுகும்.

குறுகும் பொழுது என்பதாலேயே அது போற்றப்படுகின்றது. மட்டக்களப்பு வாவியிலும் திருகோணமலைத் துறையிலும் மழை ஓய்ந்த மாலையிற் சாய்வெயில் நீரின்மேல் விழுகின்றது. அதற்கும் வேண்டுவது சற்றே நின்று பார்க்கும் கண் ஒன்றுதான்.