தாம்பரத்தின் தாய்ப் பத்திரம்

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கே ஓடும் மின்சார ரயிலில் தினந்தோறும் பிரயாணம் செய்வோர் கண்முன், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம் என்னும் பெயர்ப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. எல்லோரும் அவற்றை வாசிக்கிறார்கள். பெயர் வந்த காரணத்தைக் கேட்பவர் சிலரே. ஒரு கிரவுண்டு மனை வாங்குபவன்கூடத் தாய்ப் பத்திரத்தைப் பாராமல் முன்பணம் கொடுப்பதில்லை. ஓர் ஊரையே பிதுரார்ஜிதமாகப் பெற்றிருக்கும் ஜனங்கள் அதன் தாய்ப் பத்திரத்தைப் பாராதிருப்பது நியாயமாகுமா?

பல்லாவரத்தின் பழமை பெரிது. 1863-ஆம் வருஷம் மே மாதத்தில் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தது இங்கேதான். முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகையும் இவ்வூர்க் குன்றில் உண்டு. 1911 முதல் 1950-இல் காலமாகும் வரையில் மறைமலையடிகள் வாழ்ந்து தமிழ்த் தொண்டு புரிந்ததும் இவ்வூரிலேயே.

அடுத்தது குரோம்பேட்டை. குரோமியம் உப்பைக் கொண்டு தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியே இவ்வூருக்குப் பெயர் தந்தது. மரப்பட்டையால் பல வாரங்கள் ஊறவைத்துப் பதனிடும் பழைய முறைக்கு மாறான இப்புதிய முறையை, இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண சர்க்கார் உத்தியோகஸ்தரான ஆல்பிரட் சாட்டர்டன் பரிசோதித்து நிலைநாட்டினார். சர்க்காரே தொழில் தொடங்கி வழிகாட்டலாகாது என்று 1910-இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு லண்டனிலிருந்து தடை விதித்தார். அன்னிய ஆட்சியின் கீழ் நம் தொழில்கள் பட்ட பாட்டுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

அதே குரோம்பேட்டையில், நாடு விடுதலை பெற்ற இரண்டாம் வருஷமாகிய 1949-இல், ஸ்ரீ சி. ராஜம் என்னும் தொழிலதிபர் தமது ‘இந்தியா ஹவுஸ்’ மாளிகையை விற்று, அப்பொருளை முதலாக வைத்து எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கலாசாலையை ஸ்தாபித்தார். விமானம், மோட்டார், மின்னணுவியல் போன்ற சாஸ்திரங்களை நம் வாலிபர் தாய்நாட்டிலேயே கற்க வேண்டுமென்பது அவர் கருத்து. பின்னாளில் ராஷ்டிரபதியான அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்றது இங்கேதான். தம் வீட்டை விற்றுப் பிறர் மக்களுக்குக் கல்விச்சாலை கட்டிய உதாரணம் எந்த நாட்டிலும் எளிதில் கிடைப்பதன்று.

சானடோரியத்தின் கதையும் அத்தகையதே. இங்கிலாந்தில் க்ஷயரோக வைத்தியத்தில் பெயர் பெற்ற டாக்டர் சௌரிமுத்து தாயகம் திரும்பி, 1928-ஆம் வருஷம் இங்கே க்ஷயரோகிகளுக்கென ஆரோக்கிய நிலையம் கண்டார். ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் தோன்றாத அக்காலத்தில் சுத்தமான காற்று, ஓய்வு, போஷாக்கு இவையே சிகிச்சை. தாம்பரத்துக் காற்றே மருந்தாக இருந்தது. 1937-இல் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. வீட்டிலிருந்தபடியே மருந்துண்டும் க்ஷயம் குணமாகும் என்பதைச் சென்னையில் நடந்த ஆராய்ச்சி 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்தது. எனினும் அந்நிலையத்தின் பயன் தீர்ந்துவிடவில்லை. எய்ட்ஸ் நோயாளிகளைத் தீண்டவும் ஜனங்கள் அஞ்சிய 1993-இல் அவர்களைச் சேர்த்துக்கொண்டது இந்த வைத்தியசாலையே.

தாம்பரம் நகரமாக வளர்ந்ததற்கு இரண்டு காரியங்கள் துணை செய்தன. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1837-இல் தோன்றிய சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலை, பட்டணத்து நெருக்கடியை விட்டு, சரியாக நூறு வருஷங்களுக்குப் பின் 1937-இல் சேலையூர்க் காட்டில் சுமார் 375 ஏக்கர் நிலத்தில் குடிபுகுந்தது. அங்கே ரசாயன ஆசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் மரங்களை நட்டு வளர்த்தார். ஹென்றி ஷேட்டி என்னும் ஸ்விஸ் சிற்பி கட்டிடங்களுக்குத் திட்டம் வகுத்தார்.

“பழங்கதை பேசினால் சாக்கடை ஓடுமா? குடிநீர் வருமா?” என்று சிலர் கேட்கக்கூடும். வரும் என்பதே நம் விடை. 2019-ஆம் வருஷத்து வறட்சியில் சிட்லபாக்கம் வாசிகள் தாமே ஏரியில் இறங்கிக் குப்பை அகற்றியதை நேயர்கள் அறிவார்கள். ஊரைத் தமதென்று எண்ணியவர்களால்தான் அது முடிந்தது. ஊரின் வரலாறு தெரியாதவனுக்கு ஏரியும் காலிமனையாகவே தோன்றும்.

2021-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றுசேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டது. அதன் 70 வார்டுகளின் அங்கத்தினர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் மூன்று. முதலாவது, ஒவ்வொரு வார்டிலும் பழைய கட்டிடங்களைக் கட்டிய வருஷம், கட்டியவர், நோக்கம் இவற்றோடு ஜாபிதாவில் பதிய வேண்டும். இடிக்க அனுமதி கேட்கும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் அவ்வூர்ப் பெயரின் காரணத்தை நல்ல தமிழில் எழுதிய பலகை நாட்ட ரயில்வே அதிகாரிகளை வற்புறுத்த வேண்டும். மூன்றாவது, வைத்தியசாலைத் தோப்பும் கலாசாலைக் காடும் ஏரிகளும் எக்காரணத்தாலும் சுருங்கலாகாது என்று சபையில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

முதல் இரண்டுக்கும் பெருஞ்செலவு இல்லை. மூன்றாவதற்குத் தேவை மன உறுதி மட்டுமே. வாலிபர் சங்கங்களும் வாசகசாலைகளும் அங்கத்தினர்களுக்காகக் காத்திராமல், தத்தம் தெருவின் முதியோரைக் கேட்டு இன்றே எழுதத் தொடங்கலாம். முதியோர் மறைந்தபின் சாட்சி சொல்ல யார் இருப்பார்கள்?