உங்களுக்குத் தெரியுமா? சங்கிலிக்கும் சட்டம் உண்டு

லண்டனில் கார் டயருக்குச் சங்கிலி மாட்டலாம், ஆனால் சாலையைப் பனி நன்றாக மூடியிருந்தால் மட்டும். வெறும் தாரில் ஓட்டிச் சாலையைக் கீறினால் அபராதம் வரலாம்!

• பிரிட்டனில் குளிர்கால டயர் கட்டாயமில்லை. ஆல்ப்ஸுக்குக் காரிலேயே கிளம்புகிறவர்கள் கவனிக்க: பிரான்சின் பல மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் சங்கிலியாவது வண்டியில் இருக்க வேண்டும். 2021 முதல் இதுதான் சட்டம்.

• எஞ்சின் சுழற்றும் சக்கரங்களில்தான் சங்கிலி. பெரும்பாலான சிறிய கார்களில் அவை முன்சக்கரங்கள்.

• உறைந்த சாலையில் வண்டி நிற்க 10 மடங்கு தூரம் பிடிக்கலாம்.

• கார் கண்ணாடியில் உறைந்த பனிக்கு வெந்நீரா? ஐயோ, கண்ணாடி விரிசல் விட்டுவிடலாம்.