விலைக்கு முன் எச்சரிக்கையைப் படியுங்கள்

ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் கோடை, குளிர்காலத் தள்ளுபடி வரும்போதெல்லாம் ‘ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்’ என்ற வீடியோ கேம் பெரும் விலைக் குறைப்பில் கண்ணில் படும். முகப்புப் படத்தில் முகமெல்லாம் நீலச் சாயம் பூசிய செனுவா என்ற வீராங்கனை. வைக்கிங் எதிரிகள், வாள், இருண்ட கடற்கரை. சண்டைக் கேம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். திறந்தவுடன் சண்டைக்கு முன்பாக ஓர் எச்சரிக்கை வருகிறது: இதில் சைக்கோசிஸ் அனுபவங்கள் சித்திரிக்கப்படுகின்றன, அதே அனுபவத்தைக் கடந்து வந்தவர்கள் உள்பட, சிலரை இது கலங்கடிக்கக்கூடும். அந்த வரிகளை வாசிக்காமல் பொத்தானை அழுத்தித் தாண்டிவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சைக்கோசிஸ் என்பது நிஜம் எது, மனம் உருவாக்குவது எது என்ற எல்லை கலங்கிப்போகும் நிலை. யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கும். சம்பந்தமில்லாத விஷயங்களுக்குள் தனக்கென்று ஒரு செய்தி ஒளிந்திருப்பதாகத் தோன்றும். ஸ்கிட்சோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயில் இது வரும். இருமுனைக் கோளாறிலும், கடும் மனச்சோர்விலும், சில போதைப் பொருட்களாலும்கூட வரலாம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள நிஞ்ஜா தியரி நிறுவனம் 2017 ஆகஸ்ட்டில் இந்தக் கேமை வெளியிட்டது. சுமார் இருபது பேர் கொண்ட சிறு குழுவின் உழைப்பு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பேராசிரியர் பால் ஃபிளெட்சர் ஆலோசகராக இருந்தார். வெல்கம் அறக்கட்டளை நிதி தந்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், தாங்களே குரல் கேட்டு வாழ்ந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டி, அவர்கள் சொன்னபடி திருத்தியது. அந்தக் கவனம் காதில் விழுகிறது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் ஒரு குரல் இடது காதுக்குப் பின்னால் கிசுகிசுக்கும், இன்னொன்று வலது தோளருகே சிரிக்கும். ஒருத்தி திரும்பிப் போ என்பாள், மற்றொருத்தி உன்னால் முடியாது என்பாள். எதிரி முதுகுக்குப் பின்னால் வரும்போது எச்சரிப்பதும் அதே குரல்கள்தான். பூட்டிய கதவைத் திறக்க, மரக்கிளையிலும் நிழலிலும் ஒரு குறியீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கு பார்த்தாலும் அர்த்தம் தென்படும் மனநிலையை நம் கண்ணுக்கே பழக்கிவிடுகிறார்கள். செனுவாவாக நடித்த மெலினா யூர்கென்ஸ் அந்த நிறுவனத்தில் வீடியோ எடிட்டராக இருந்தவர். 2018இல் அவருடைய நடிப்புக்கான விருது உள்பட ஐந்து பாஃப்டா விருதுகள் இதற்குக் கிடைத்தன. அத்தனைக்கும் தகுதியான படைப்பு என்பதே என் கருத்து. தகுதியான படைப்பு என்றால் எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் ஏற்றது என்று பொருளல்ல.

முதலில் வயது. ஐரோப்பிய வயது வகைப்பாடு இதற்கு 18 என்று குறித்திருக்கிறது. தீயில் எரியும் உடல்கள், பிணக்கடல், வெட்டப்பட்ட தலை எல்லாம் உண்டு. செனுவா தன் இடுப்பில் கட்டியிருக்கும் பையில் இருப்பதே இறந்த காதலனின் தலை. பிள்ளைகள் உங்கள் கார்டிலோ யுபிஐயிலோ கேம் வாங்குகிற வீடு என்றால், கடைக் கணக்கிலேயே பெற்றோர் கட்டுப்பாட்டைப் போட்டு வையுங்கள்.

அடுத்து, ஏற்கெனவே குரல் கேட்டவர்கள், அதற்கு மருந்து எடுத்துக்கொள்கிறவர்கள். ஒரு கேம் தானாக மனநோயை உண்டாக்கிவிடாது. ஆனால் ஆறிக்கொண்டிருக்கும் அனுபவத்தை மணிக்கணக்கில் காதுக்குள் ஓட்டுவது சிலருக்குப் பழைய பயத்தைக் கிளறும். நள்ளிரவு வரை ஆடித் தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். தூக்கம் குலைவது நோய் திரும்புவதற்கான முக்கியமான முன்னறிகுறி. தன் அனுபவத்தை யாரோ புரிந்துகொண்டு படைத்திருக்கிறார்கள் என்று ஆறுதல் அடைந்தவர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆடுங்கள். ஆடினால் ஹெட்ஃபோன் இல்லாமல், பகலில், வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது ஆடலாம். கலக்கமாக இருந்தால் பாதியில் நிறுத்தலாம். எந்தக் காரணத்துக்காகவும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பதற்ற நோய் உள்ளவர்களுக்கு ஒரு தகவல். கேமின் தொடக்கத்தில் ஒரு மிரட்டல் வரும்: நீங்கள் தோற்கும்போதெல்லாம் செனுவாவின் கையில் ஒரு கருமை ஏறும், அது தலையை எட்டினால் இதுவரை ஆடியது அத்தனையும் அழிந்துவிடும். வெளியானபின் கேம் இதழாளர்கள் மறுபடி மறுபடி தோற்றுப் பார்த்துச் சோதித்தார்கள். அப்படி அழிவதில்லை. அவளுடைய அச்சத்தை ஆடுபவருக்கும் ஊட்டுவதற்காகச் செய்த உத்தி அது. ரகசியத்தை உடைப்பது சிலருக்குப் பிடிக்காது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் கை நடுங்கி உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது ஆபத்து, ஆடி முடித்தபின் வருவது. கையில் வாளோடு திரியும் செனுவாவைப் பார்த்துவிட்டு, குரல் கேட்கிறவர்கள் எல்லாம் வன்முறையாளர்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தீவிர மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம்.

இனிப் பணம். தள்ளுபடி விலை என்பதால் உரிமைகள் எதுவும் குறைந்துவிடுவதில்லை. ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருந்தால், காரணம் எதுவானாலும் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். உதவிப் பக்கத்தில் வாங்கியவற்றின் பட்டியலுக்குப் போய், அந்தக் கேமைத் தேர்ந்தெடுத்து, ரீஃபண்ட் வேண்டும் என்று குறித்தால் போதும். கட்டிய வழியிலேயே பணம் வரும்படியும் கேட்கலாம், ஸ்டீம் வாலட்டிலும் வாங்கிக்கொள்ளலாம். முழு விலை கொடுத்து வாங்கிய சில நாளிலேயே தள்ளுபடி வந்துவிட்டால், ரீஃபண்ட் வாங்கிக்கொண்டு குறைந்த விலைக்கு மீண்டும் வாங்குவதை முறைகேடாகக் கருதுவதில்லை என்று ஸ்டீமின் விதியிலேயே எழுதியிருக்கிறது. பலருக்கு இது தெரியாது. ஜிஓஜி கடை இன்னும் தாராளம்: ஆடியிருந்தாலும் 30 நாள் அவகாசம். பிளேஸ்டேஷன் கடையிலோ டவுன்லோடு தொடங்கிவிட்டால் பொதுவாக ரீஃபண்ட் கிடைக்காது.

இங்கே ஒரு சிக்கல். ஹெல்பிளேட் சுமார் எட்டு மணி நேரக் கேம். மனத்தை உலுக்கும் பகுதிகள் பல, இரண்டு மணி நேரம் கடந்த பிறகுதான் வருகின்றன. அதனால் தாங்குமா தாங்காதா என்று தெரியாதவர்கள், வாங்குவதற்கு முன் யாராவது ஆடிப் பதிவேற்றிய வீடியோவின் நடுப்பகுதியைச் சற்று நேரம் பார்த்துவிடுவது நல்லது.

நீங்கள் காசு கொடுத்து வாங்குவது கேமை அல்ல, அதை ஆடும் உரிமத்தை. கலிஃபோர்னியா மாநிலம் இதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டு, 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஸ்டீம் அதற்கு முன்பே பணம் கட்டும் பக்கத்தில் அறிவிப்பு வைத்துவிட்டது. கணக்கு முடக்கப்பட்டால் கேமும் போய்விடும். ஜிஓஜியில் வாங்கினால் நிறுவும் கோப்பை உங்கள் கணினியிலேயே சேமித்து வைக்கலாம்.

அதிகாரபூர்வக் கடையைவிட மலிவாக, கேமைத் திறக்கும் குறியீடான ‘கீ’ விற்கும் தளங்களில்தான் ஏமாற்றம் அதிகம். திருடிய கார்டில் வாங்கிய கீக்கள் அங்கே கைமாறுகின்றன. உண்மையான கார்டுக்காரர் பணத்தைத் திரும்பப் பெற்றதும் அந்தக் கீ ரத்தாகும். கேம் உங்கள் கணக்கிலிருந்து மறையும். ஃபாக்டோரியோ கேமை உருவாக்கிய வூப் நிறுவனத்தின் புகாரில் 198 கீக்கள் முறைகேடாகப் பெறப்பட்டவை என்று தணிக்கையில் தெரிந்து, ஜி2ஏ என்ற தளம் 2020இல் சுமார் 40,000 டாலர் இழப்பீடு கொடுத்தது. வெளியே வாங்கிய கீக்கு ஸ்டீம் ரீஃபண்ட் தராது. இப்படி ஏமாந்து உங்கள் வங்கிப் பணமே போயிருந்தால் உடனே வங்கிக்குச் சொல்லிவிட்டு 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.

இந்திய நுகர்வோருக்கு உள்ள பாதுகாப்பு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 2020இன் மின்வணிக விதிகளும். அந்த விதிகள் டிஜிட்டல் பொருட்களையும் உள்ளடக்கியவை. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘இன்னும் பத்தே நிமிடம்’ என்று பொய்யான கடிகாரம் ஓட்டி அவசரப்படுத்துவதை 2023இல் வந்த வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வெளிநாட்டுக் கடையை ஆணையத்தின் முன் நிறுத்துவது காகிதத்தில் இருக்கும் அளவுக்கு எளிதல்ல. ஆகவே ரீஃபண்ட் கெடுவைத் தவறவிடாமல் இருப்பதே பலன் தரும் வழி. ரசீது, ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இந்தக் கேமின் கதைக்குள் இருக்கிறது. செனுவாவுக்குக் குரல் கேட்பதைச் சாபம் என்கிறார் அவளுடைய தந்தை. அவளை வெளியுலகம் பார்க்க விடாமல் இருட்டில் அடைக்கிறார். அதே குரல்களைக் கேட்ட அவளுடைய தாயை எரித்துக் கொன்றவரும் அவரே. எட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தீவில் நடக்கும் கதை என்று நாம் அதைத் தள்ளிவைக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். கேமின் அந்தக் காட்சிகளை ஆடும் தமிழர் எவருக்கும் ஏர்வாடி நினைவுக்கு வர வேண்டும்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. அரசு நடத்தும், அரசு நிதி பெறும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது இலவசம். சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். எனக்கு நாளை நோய் முற்றினால் இப்படிச் சிகிச்சை தாருங்கள், இதைச் செய்யாதீர்கள் என்று 18 வயது நிறைந்த எவரும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர நிறுவனங்கள் கடமைப்பட்டவை. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் கொள்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் பொறுப்பு. காப்பகத்திலோ மருத்துவமனையிலோ உரிமை மீறப்பட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். அதற்கு இலவச சட்ட உதவி உண்டு.

இந்தக் கேமை ஆடிவிட்டு, “எனக்கும் இப்படித்தான் கேட்குது” என்று உங்கள் பிள்ளையோ தம்பியோ சொன்னால், அதெல்லாம் பிரமை என்று வாதாடாதீர்கள். பூசாரியைத் தேடியும் ஓடாதீர்கள். எப்போது கேட்கிறது, என்ன சொல்கிறது என்று பொறுமையாகக் கேளுங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறதா என்பதை அவசியம் கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் இருப்பவர்களுக்குத் தேசிய மனநல உதவி எண் 1926.