மரபணுவைத் திருத்தும் காலமும் மனித மாண்பும்



ஹாலிஎல மலைச்சரிவுகளில் கொழுந்து பறிப்போர் வீ.பி. தேயிலையை நன்கறிவர். சிறந்த செடியொன்றைத் தேர்ந்து, அதன் கிளைத்துண்டுகளிலிருந்து நாற்றுகளை வளர்த்து, மலையெங்கும் நடுவர். விளைச்சல் குன்றிய பழஞ்செடி பிடுங்கப்படும். தேயிலைக்கு இது தகும். மனிதப் பிறப்பையும் இவ்வாறு தேர்ந்தெடுக்க முற்பட்டால் அது தகுமா?

இக்கேள்வி நமக்குத் தொலைவானதன்று. பதுளை உட்பட நம் நாட்டின் பல மாவட்டங்களில் தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய் காணப்படுகிறது. நோயின் கூற்றைச் சுமக்கும் தாயும் தந்தையும் நலமாகவே இருப்பர். ஆனால் இருவருமே அதைச் சுமந்தால், ஒவ்வொரு கருவும் நோயுற நான்கில் ஒரு வாய்ப்புண்டு. கடுமையாக நோயுற்ற பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கொருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். உடலில் சேரும் இரும்பை அகற்ற மருந்தும் வேண்டும்.

2023 நவம்பரில் பிரித்தானியா, 'காஸ்ஜெவி' என்னும் மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு அனுமதி வழங்கியது. நோயாளியின் குருத்தணுக்களையே வெளியே எடுத்துத் திருத்தி, மீண்டும் உடலில் செலுத்துகின்றனர். அமெரிக்காவில் இதன் விலை 22 இலட்சம் டொலர். லயத்தில் வாழும் குடும்பத்திற்கு இது எட்டாக்கனி.

இனி வருவதென்ன? இத்தகைய சிகிச்சைகள் பெருகும். சமூகமும் அவற்றை விரைவில் ஏற்கும் என்றே தோன்றுகிறது. 1978இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோது எழுந்த அதிர்ச்சி நெடுங்காலம் நீடிக்கவில்லை. எனினும் உலகம் பழகிவிட்டது என்பதால் மட்டும் ஒன்று நேரியதாகிவிடாது. 2018இல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தபோது உலகமே கண்டித்தது. மறு ஆண்டு அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் கண்டனக் குரல் நாளையும் ஒலிக்குமா என்பதே ஐயம். குணமாக்கத் தொடங்கும் கரம், நிறத்தையும் அறிவையும் தெரிவுசெய்ய நீளும் சோதனை பெரிது.

திருச்சபை அறிவியலின் பகைவன் அன்று. 2008இல் வெளியான 'டிக்னித்தாஸ் பெர்சோனே' என்னும் அறிவுறுத்தல், நோயாளியின் உடலணுக்களைத் திருத்திக் குணமாக்குவதைக் கொள்கையளவில் ஏற்கிறது. வழிவழியாகத் தொடரும் மாற்றத்தை இன்றைய நிலையில் மறுக்கிறது; மனிதரை மேம்படுத்துவதாகக் கூறித் தரம் பிரிப்பதையும் மறுக்கிறது.

பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என வினவினர். இயேசுவோ எவர்மீதும் பழி சுமத்தாது, அவரைக் குணமாக்கினார். நம் இல்லங்களிலோ நோயுற்ற பிள்ளை பிறந்தால் முதலில் மருமகள்மீதே பழி விழுகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருவதற்கு ஒருத்தியை மட்டும் குற்றஞ்சாட்டுவது அநீதியன்றோ?

அன்பர்களே, திருமணப் பேச்சில் சீதனத்தைப் பற்றி வாய் திறக்கும் நாம், இரத்தப் பரிசோதனையைப் பற்றி ஏன் தயங்குகிறோம்? மாமன் மகளை மணமுடிக்கும் வழக்கமுள்ள நமக்கு இது மிகவும் தேவை. திருமணத்திற்கு முன்பே உண்மை தெரிந்தால், இருவரும் செபித்துச் சிந்தித்து முடிவெடுக்கலாம். கரு உருவான பின் தெரியவந்தால், அவ்வுயிரையே அகற்றும் சோதனை வாசலில் வந்து நிற்கும்.

விலையுயர்ந்த சிகிச்சை நம் மலைகளை எட்டும் நாளை நாம் அறியோம். இரத்ததானம் செய்ய அந்நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நோயுற்ற பிள்ளையும் இறைச்சாயலே என்று ஏற்கும் உள்ளத்திற்கு விலையுமில்லை.