மதியத்தில் திரும்பும் காற்று

புதியம்புத்தூர் ரெடிமேட் பட்டறை ஒன்றில் நான் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அட்டை வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவது வேலை. சித்திரை, வைகாசியில் காலை முழுக்க மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, அனலாக அடிக்கும். மேல்துணியின் மேற்கு ஓரம் தூக்கிக்கொண்டே இருக்கும். இரும்புக் குண்டை அங்கே வைத்திருப்பேன். மதியம் ஒரு மணி, ஒன்றரைக்குக் காற்று அப்படியே நின்றுபோகும். கொஞ்ச நேரத்தில் கிழக்கு ஓரம் மெல்லத் தூக்கும். குண்டை இந்தப் பக்கம் மாற்றுவேன். உடம்பு பிசுபிசுக்கும், ஆனால் வெக்கை இறங்கிவிடும்.

கடல் எங்கள் ஊருக்கு வந்து சேரும் நேரம் அது. தூத்துக்குடிக் கடற்கரை இங்கிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் கரிசக்காட்டில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. கடல் என்றால் உப்பளக்காரருக்கும் மீன்பிடிப்பவருக்கும் உரியது என்றே நாங்கள் நினைத்துப் பழகிவிட்டோம்.

ஆனால் மதியம் காற்று திரும்புவதற்கு அந்தக் கடல்தான் காரணம். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்க, ஒரு கிலோ காய்ந்த மண்ணுக்கு ஆவதைப்போல நாலைந்து மடங்கு வெப்பம் வேண்டும். அதோடு வெயில் தண்ணீருக்குள் ஆழமாக இறங்கும். அலை அந்தச் சூட்டைக் கலக்கிப் பரப்பிவிடும். கரிசலோ கறுப்பு மண். வாங்கிய வெயிலை மேல்தோலிலேயே வைத்துக்கொண்டு கொதிக்கும். மண்மேல் சூடான காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்ப மன்னார் வளைகுடாவின் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இரவில் மண் சீக்கிரம் ஆறிவிடும், கடல் ஆறாது. காற்று தரையிலிருந்து கடலுக்குத் திரும்பும்.

ஆனி, ஆடியில் இந்தக் கணக்கு அடிக்கடி தவறும். கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலைக் கணவாய் வழியே வறண்டு பாய்கிற மேகாத்து, கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். கயத்தாறு காற்றாலைகள் சுற்றுவது அந்த வேகத்தில்தான். அன்றைக்குப் பட்டறையில் ஊசியைத் தொட்டாலே சுடும்.

எங்கள் விவசாயத்துக்கும் கடல்தான் ஆதாரம். என் ஐயாவுக்கு நாலு குறுக்கம் மானாவாரி நிலம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் தரை ஆறிய பிறகும் வங்கக்கடல் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அதன்மேல் வருகிற வடகிழக்குக் காற்று சுமந்துவரும் ஈரம்தான் எங்கள் உளுந்தும் பாசியும். மழை நின்ற பிறகு மல்லிக்கும் கொண்டைக்கடலைக்கும் மண்ணில் தங்கிய ஈரமும் மார்கழிப் பனியும் போதும். விடிகாலையில் மல்லிக்காட்டில் நடந்தால் வேட்டி முழங்கால்வரை நனையும்.

அதே கடல் 2023 டிசம்பரில் எங்களை மூழ்கடித்தது. குமரிக்கடல் பக்கம் சுழன்ற காற்று, ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. எங்கள் மாவட்டத்தின் ஆண்டு மழையே சுமார் 65 சென்டிமீட்டர்தான். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் அது சுமக்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது. அதனால் கடல் சூடேறிக்கொண்டே போவது எனக்குப் பெரிய கவலை. அந்த வருசம் எங்கள் பாசி பூவோடு அழுகியது. தண்ணீர் வடிந்த காட்டில் ஐயா வரப்பைவிட்டு இறங்கவே இல்லை.

மறு வருசம் புரட்டாசிக் கடைசியில் அதே வரப்பில் நின்று, புழுதியை ஒரு கை அள்ளி மெதுவாக விட்டார். அது மேற்கே சாய்ந்து விழுந்தது.

“ஏலே, காத்து திரும்பிட்டு. விதையை எடுத்து வை.”